பீரோவில் இருக்கும் பென்ஷன் பத்திரம் யாருக்கு?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கம்புகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் பீரோ திறக்கப்படும். திண்டுக்கல்லில் எந்தத் தெருவிலும் இதுதான் வழக்கம். முதலில் நகை. அடுத்து கிரயப் பத்திரம், பட்டா, பழைய வில்லங்கச் சான்று. அதற்கடியில் வங்கி பாஸ்புக். எல்லாவற்றுக்கும் கீழே, பிளாஸ்டிக் உறையில் ஒரு எல்ஐசி பத்திரம்.

"அப்பாவுக்கு மாசாமாசம் பென்ஷன் வந்துச்சே, அந்தப் பாலிசியா இது?" என்பார் மகள். "அவரே போயிட்டாரு, அதோட அது முடிஞ்சிருக்கும்" என்பார் மருமகன். "அதெல்லாம் இல்ல, அம்மா பேருக்கு மாத்திக்கலாம்" என்பார் சித்தப்பா. இவர்களில் யார் சொல்வதும் சரியாக இருக்கலாம். எல்லோர் சொல்வதும் தவறாகவும் இருக்கலாம். பாலிசி வாங்கிய அன்று விண்ணப்பத்தில் குறித்த ஒற்றை எழுத்துதான் அதை முடிவு செய்கிறது.

சட்டப் புத்தகத்தில் இதற்கு ஆண்டுத்தொகை என்று பெயர். ஏஜென்டுகள் அன்யூட்டி என்பார்கள். ஊருக்குள் பென்ஷன் பாலிசி. ஒரு தொகையை மொத்தமாகக் கட்டிவிட்டால், மாதமோ மூன்று மாதமோ வருடமோ ஒரு தடவை, உயிரோடு இருக்கும்வரை பணம் வந்துகொண்டே இருக்கும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நூற்பாலை மேலாளர், சாலைக்கு நிலம் கொடுத்து இழப்பீடு வாங்கிய விவசாயி என்று இதில் பணம் போட்டவர்கள் பலவிதம். கையில் இருந்தால் கரைந்துவிடும், பிள்ளைகள் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது என்ற இரண்டு பயங்களும் இவர்களுக்குப் பொது. அந்தப் பயங்களில் நியாயம் இருக்கிறது. ஆனால் தனக்குப் பின்னால் அந்தப் பணம் என்ன ஆகும் என்பதைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. விற்கிறவரும் சொல்வதில்லை.

ஒற்றை எழுத்து

எல்ஐசி 2020 ஆகஸ்டில் கொண்டுவந்த ஜீவன் அக்ஷய்-7 திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதில் 'ஏ' முதல் 'ஜே' வரை பத்து வகை. 'ஏ' வகை என்றால் வாங்கியவர் இருக்கும்வரை பென்ஷன். அவர் கண்ணை மூடினால் அன்றோடு சரி. கட்டிய பணமும் திரும்பாது. பத்து லட்சம் கட்டிய ஒருவர் எட்டு மாதத்தில் இறந்துபோனாலும் குடும்பத்துக்கு ஒரு பைசா கிடையாது. உயில் எழுதியிருந்தாலும் கிடையாது. நாமினி பெயர் கொடுத்திருந்தாலும் கிடையாது. எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் கிடைக்காது. ஏனென்றால் அங்கே சொத்து என்று எதுவும் மிச்சம் இல்லை. அந்த வகையில்தான் கைக்கு வரும் பென்ஷன் கூடுதலாகத் தெரியும். அதனால்தான் அது எடுபடுகிறது.

'பி' முதல் 'இ' வரை உள்ள வகைகளில் 5, 10, 15, 20 ஆண்டுகள் உத்தரவாதம். பத்தாண்டு உத்தரவாதம் எடுத்தவர் நான்காம் ஆண்டு முடிவில் இறந்தால், மீதி ஆறு ஆண்டுகளுக்கு அதே தொகை நாமினிக்கு வரும். பிறகு நின்றுவிடும். அவர் பதினோராம் ஆண்டில் இறந்தால் பின்னால் வருவது ஒன்றுமில்லை. 'எஃப்' வகையில் பென்ஷன் நிற்கும், கட்டிய தொகை முழுவதும் நாமினிக்குத் திரும்பும். 'எச்', 'ஐ', 'ஜே' மூன்றும் இரண்டு பேர் ஆயுளுக்கானவை. கணவர் போனால் மனைவிக்குப் பாதியோ முழுதோ தொடரும். 'ஜே'யில் இருவருக்கும் பிறகு கட்டிய பணம் திரும்பி வரும்.

இங்கேதான் குடும்பங்கள் ஏமாந்து நிற்கின்றன. "நாமினியா என் பேருதான் இருக்கு" என்று மனைவி தைரியமாக இருப்பார். நாமினி என்பவர் வேறு, இரண்டாம் பென்ஷன்தாரர் வேறு. இரண்டாம் பென்ஷன்தாரராகப் பெயர் சேர்த்திருந்தால் மாதப் பணம் அவர் ஆயுள்வரை தொடரும். நாமினி மட்டும் என்றால், 'எஃப்' வகையில் மொத்தப் பணம் ஒரு தடவை வரும். 'ஏ' வகையில் வெறுங்கை. ஒரே மனைவி, ஒரே பெயர், எழுதிய கட்டம் மட்டும் வேறு. எடுத்த வகையைப் பிறகு மாற்றவும் முடியாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கட்டிய பணம் நாமினிக்கு மொத்தமாகப் போக வேண்டுமா, அதுவே அவருக்கும் ஒரு பென்ஷனாக மாற வேண்டுமா, 5, 10, 15 ஆண்டுத் தவணைகளாகப் போக வேண்டுமா என்பதை வாங்கியவரே தன் காலத்தில் சொல்லி வைக்கலாம். கையில் காசு நிற்காத மகனுக்கு அப்பா செய்துவைக்கும் கடைசி ஏற்பாடு அது. அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் மகனால் அதை மாற்ற முடியாது.

புரோபேட் வேண்டுமா?

"உயில் இருக்கு சார், புரோபேட் வாங்கணும்னு சொல்றாங்க." சென்னையில் இருக்கும் மகனுக்கு அங்கே யாரோ சொல்லியிருப்பார்கள். 2025 டிசம்பர் வரை சென்னைக்கு அது சரியாக இருந்தது. திண்டுக்கல்லுக்கு அது என்றைக்குமே பொருந்தியதில்லை.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213-ஆம் பிரிவுகள்படி, இந்துக்கள் எழுதும் உயிலுக்கு புரோபேட், அதாவது நீதிமன்ற மெய்ப்பு, கட்டாயம் என்றிருந்தது பழைய வங்காள மாகாணப் பகுதியிலும், சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் நேரடி அதிகார எல்லைக்குள்ளும்தான். எல்லைக்குள் எழுதிய உயில், அல்லது எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலம் பற்றிய உயில். திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்த காலத்திலும் சரி, 1985 செப்டம்பரில் தனி மாவட்டமான பிறகும் சரி, அந்த எல்லைக்குள் வந்ததே இல்லை. முஸ்லிம்களின் உயிலுக்கு அந்தக் கட்டாயம் முன்பே கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ல் விலக்கு வந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 213-ஆம் பிரிவையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. வேண்டுமானால் மெய்ப்பு வாங்கிக்கொள்ளலாம். உயிலில் சண்டை வரும் என்று தெரிந்தால் வாங்குவது நல்லதும்கூட. கட்டாயம் இல்லை.

உயில் செல்லுபடியாக இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை. வழக்கு என்று வந்தால் அந்தச் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். தன்னைவிட வயதான இரண்டு நண்பர்களைச் சாட்சியாகப் போட்டவர்களின் பிள்ளைகள் பிற்பாடு படும் பாடு பெரிது.

நாமினி வாங்கினால் அது நாமினிக்கா?

பாலிசியில் நாமினி இருந்தால் காப்பீட்டு நிறுவனம் உயிலைப் பார்ப்பதில்லை. நாமினியிடம் பணத்தைக் கொடுத்துத் தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ளும். அதற்குமேல் அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பது தனிக் கேள்வி.

1983-ல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு. வங்கிக் கணக்குக்கும் அப்படித்தான் என்று 2010-லும், கம்பெனிப் பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரிலும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-ல் ஒரு மாற்றம் வந்தது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் அவர்களே அந்தப் பணத்தை அனுபவிக்கும் உரிமையுள்ளவர்கள் என்று எழுதினார்கள்.

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. அந்தத் திருத்தம் மற்ற வாரிசுகளின் பங்கை அடைத்துவிடுகிறதா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. வாரிசுரிமைச் சட்டத்தை அது மீறாது, மற்றவர்கள் உரிமை கோரினால் நாமினி பங்கு கொடுக்க வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னது. ஆகவே, மூத்த மகனை நாமினியாகப் போட்டுவிட்டு, "எல்லாருக்கும் சமமா பிரிச்சுக் குடுப்பான்" என்று நம்பிக்கொண்டிருப்பது அந்த மகனுக்கும் நல்லதல்ல, மற்ற பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. உயிலில் ஒரு பெயரும் பாலிசியில் வேறு பெயரும் இருப்பதுதான் அண்ணன் தம்பியை நீதிமன்ற வாசலில் நிறுத்துகிறது. இரண்டிலும் ஒரே பெயர்கள், ஒரே பங்குகள் இருக்கட்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் குழப்பம் இன்னும் கூடுகிறது. அங்கே ஆண்டுத்தொகைப் பத்திரத்தில் பயனாளியின் பெயர் இருந்தால் பணம் நீதிமன்றத்தைத் தொடாமல் அவருக்கே போய்ச் சேரும். பெயர் இல்லாவிட்டால்தான் புரோபேட். அதே கணக்கை இங்கே போட்டு, "என் பேர் இருக்கு, எனக்குத்தான்" என்று அங்கிருந்து வாட்ஸ்அப்பில் சொல்வது பாதி சரி, பாதி தவறு.

ஒரே பாலிசி, மூன்று தெரு

நாமினி இல்லாமல், உயிலும் இல்லாமல் ஒருவர் இறந்தால் பங்கு எப்படி? திண்டுக்கல்லை வைத்தே சொல்லலாம். 'எஃப்' வகையில் 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இறந்தவருக்குத் தாய் இருக்கிறார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள்.

அவர் நாகல் நகரில் வாழ்ந்த இந்து என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நான்கு பேரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். மேட்டுப்பட்டியில் இருந்த கிறிஸ்தவர் என்றால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மனைவி, மகன், மகள் மூவருக்கும் தலைக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு எதுவும் இல்லை. பேகம்பூரில் வாழ்ந்த சன்னி முஸ்லிம் என்றால், மனைவிக்கு எட்டில் ஒன்று, 90 ஆயிரம். தாய்க்கு ஆறில் ஒன்று, 1 லட்சத்து 20 ஆயிரம். மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் 3 லட்சத்து 40 ஆயிரமும் 1 லட்சத்து 70 ஆயிரமும். முஸ்லிம் ஒருவர் உயில் எழுதினாலும், வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. வாரிசுகளில் ஒருவருக்கே கொடுப்பதானால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

கிறிஸ்தவ வீட்டில் மகனை நம்பி இருந்த வயதான தாய், உயில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வெறுங்கையோடு நிற்க நேரும். எழுதி வைக்காமல் போகிறவர் தன் முடிவைச் சட்டத்திடம் விட்டுவிட்டுப் போகிறார். சட்டத்துக்கு அந்த அம்மாவைத் தெரியாது.

பிள்ளை இல்லாத பெண்ணின் பணம்

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில், கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல், தன் சம்பாத்தியத்தில் பென்ஷன் பாலிசி வாங்கி வைத்திருக்கும் பெண்கள் இருந்தால், இந்தப் பகுதி அவர்களுக்காக.

இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி முதல் உரிமை கணவருக்கும் பிள்ளைகளுக்கும். அவர்கள் இல்லையென்றால் அடுத்தது கணவரின் வாரிசுகள். அதற்கும் பிறகுதான் பெற்ற தாய், தகப்பன். கூடப்பிறந்தவர்கள் அதற்கும் அப்பால்.

நாராயணி தேவி என்ற பெண்ணுக்கு 1955-ல் திருமணம். மூன்று மாதத்துக்குள் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் அவரைத் துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டார் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பணம் சேர்ந்தது. 1996-ல் உயில் எழுதாமல் இறந்தார். அந்தப் பணத்தை வாங்க நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ் கேட்டு அவருடைய தாய் மனு போட்டார். துரத்திவிட்ட வீட்டுப் பக்கமிருந்து, கணவருடைய சகோதரியின் மகன்களும் மனு போட்டார்கள். 2009-ல் ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வழக்கின் கஷ்டம் புரிகிறது. ஆனால் அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது. பணம் கணவரின் வாரிசுகளுக்கே என்றது. நாற்பது ஆண்டுகள் அந்தப் பெண்ணை ஏறெடுத்தும் பார்க்காதவர்களுக்கு அவர் உழைத்த காசு போனது.

அநியாயம்தான். அந்தப் பிரிவு இன்னும் மாறவில்லை. அதை எதிர்த்து வந்த வழக்கில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, இந்துப் பெண்கள், குறிப்பாகக் கணவரோ பிள்ளைகளோ இல்லாதவர்கள், உயில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நம் ஊரில் அக்கா மகளை வளர்த்து, அவள் பெயரையே நாமினியாகப் போட்டு நிம்மதியாக இருக்கும் டீச்சர்கள் உண்டு. அக்கா மகள், 2015 திருத்தம் சொல்லும் பெற்றோர், துணை, பிள்ளை என்ற வட்டத்துக்குள் வரமாட்டாள். அவள் வாங்கும் கை மட்டுமே. கணவர் வீட்டார் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். வளர்த்த பிள்ளைக்கு அந்தப் பணம் சேர வேண்டும் என்றால் உயில் ஒன்றே வழி.

உயிலுக்குக் கட்டுப்படாத பென்ஷன்

எதிர்ப்பக்கமும் உண்டு. சில பென்ஷன்களை எழுதிக் கொடுக்கவே முடியாது. ரயில்வே ஊழியர் ஒருவர் மனைவி, பிள்ளைகளை ஒதுக்கிவிட்டுத் தன் சகோதரருக்கு உயில் எழுதி வைத்து இறந்தார். வயலட் ஐசக் வழக்கு என்று அதற்குப் பெயர். குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தே அல்ல, அது விதிகள்படி குடும்பத்துக்கு நேரடியாகச் சேர வேண்டியது, உயிலால் அதைத் தொட முடியாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விதவைக்குக் கிடைத்த நீதி அது.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் வேலை பார்த்து பி.எஃப். பென்ஷன் வாங்குவோருக்கும் இதே நிலைமை. 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மனைவிக்குப் போவது பாதி. 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்குத் தனியாக உண்டு. 2014-லிருந்து குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவரின் குடும்பத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்பது போதவே போதாது. ஆனால் அந்த ஆயிரத்துக்கும் உயில் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். படிவமும் இறப்புச் சான்றும் போதும்.

நிலத்தின்மேல் ஒரு பென்ஷன்

காப்பீட்டு நிறுவனங்கள் வருவதற்கு முன்பே இந்தச் சமவெளியில் ஆண்டுத்தொகை இருந்தது. அப்பா நிலத்தை மகன்களுக்கு எழுதும்போது, அம்மாவுக்கு ஆயுள்வரை வருடம் இவ்வளவு மூட்டை நெல் அல்லது இவ்வளவு ரூபாய் கொடுத்துவர வேண்டும் என்று உயிலில் ஒரு வரி சேர்ப்பார். ஜீவனாம்சம் என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

1925 சட்டத்தில் இதற்கென்றே பிரிவுகள் உண்டு. உயிலில் வேறுமாதிரிச் சொல்லாதவரை ஆண்டுத்தொகை, பெறுகிறவரின் ஆயுளோடு முடியும் என்கிறது 173-ஆம் பிரிவு. ஆகவே அம்மாவுக்குப் பிறகு மகள் அதைத் தொடர்ந்து கேட்க முடியாது. எப்போதிலிருந்து என்று உயிலில் இல்லையென்றால், எழுதியவர் இறந்த நாளிலிருந்து கணக்கு. முதல் தவணை ஓராண்டு முடிவில். மாதாமாதம் என்று எழுதியிருந்தால் முதல் மாத முடிவில். ஓர் ஆண்டு முழுக்க அம்மா காத்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் 'மாதந்தோறும்' என்று எழுதட்டும்.

பணமாகக் கொடுக்காமல், ஜீவனாம்சத்துக்காக அம்மா கையில் நிலத்தையே விட்டிருந்தால் கதை மாறுகிறது. 1977-ல் துளசம்மா வழக்கில், இந்து விதவைக்கு ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்து, பத்திரத்தில் 'ஆயுள்வரை மட்டும்' என்று எழுதியிருந்தாலும் அவருக்கு முழு உரிமையாகிவிடும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அவர் அதை விற்கலாம், மகளுக்கே எழுதலாம். திண்டுக்கல் தாலுகாவின் பழைய பத்திரங்களைப் புரட்டும் வக்கீல்கள் இன்றும் முதலில் தேடும் வரி இதுதான்.

கொடுத்த பத்திரம் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் ஆற்காடு இளவரசர் குடும்பம். 1870-ல் பிரிட்டிஷ் அரசு கொடுத்த பட்டயம் வாரிசு வாரிசாக ஓய்வூதியம் என்றது. 1971-ல் சமஸ்தானங்களின் மன்னர் மானியங்கள் ஒழிந்த பிறகும் அது தொடர்கிறது. நம் வீட்டு 'ஏ' வகைப் பத்திரம் ஒரு ஆயுளோடு முடிவதும் அதே நியாயத்தால்தான்.

இனிஷியல் படுத்தும் பாடு

சட்டம் சாதகமாக இருந்தும் பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் ஓர் எழுத்தால். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குப் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல்: எம். மாரியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் கணவர் இனிஷியல்: ஆர். மாரியம்மாள். கணவர் வாங்கிய பாலிசியில் நாமினி பெயரை ஏஜென்ட் கேட்டு எழுதியது 'மாரியம்மா'. வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால் போய் 'மாரியம்மாள் ஆர்.' ஆகிவிட்டது. அடுத்த தெருவுக்கும் தெரியும், நான்கும் ஒருவரே என்று. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நான்கு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன்பு உறுதிமொழிப் பத்திரம், கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு கடிதம், மறுபடி படிவம் என்று கணவரை இழந்த பெண் மூன்று மாதம் அலைகிறார். பாலிசிதாரர் இருக்கும்போது ஒரு மனு எழுதிப் பெயரைத் திருத்தியிருந்தால் ஒரு நாள் வேலை.

நாமினியே இல்லை, அல்லது நாமினி முன்பே இறந்துவிட்டார் என்றால்? வட்டாட்சியர் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும். பணத்தை யாரிடம் கொடுக்கலாம் என்று சொல்லாது. தொகை பெரியதாக இருந்தாலோ வாரிசுகளுக்குள் ஒத்துப்போகாவிட்டாலோ நிறுவனம் கேட்பது நீதிமன்றத்தின் இறங்குரிமைச் சான்றிதழ். இறந்தவர் கடைசியாக வழக்கமாக வசித்த ஊரின் நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். பிள்ளைகள் கோயம்புத்தூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் அப்பா திண்டுக்கல்லில் வாழ்ந்தவர் என்றால் இங்கேதான். இறந்த தேதி, வசித்த இடம், எல்லா வாரிசுகளின் பெயர், வர வேண்டிய தொகையின் விவரம் எல்லாம் மனுவில் இருக்க வேண்டும். ஒரு வாரிசை மறைத்தால் பிற்பாடு சான்றிதழே ரத்தாகும். சான்றிதழ் வாங்கியவரும் பணத்துக்கு முழுச் சொந்தக்காரர் அல்ல. மற்றவர்களின் பங்கைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். எந்த மதத்தினருக்கும் இதே நடைமுறை.

ஒரு நல்ல செய்தி: வாரிசாக வரும் இந்தத் தொகைக்கு இங்கே சாவு வரி கிடையாது. இருந்த எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். தொடர்ந்து வரும் மாதப் பென்ஷன் மட்டும் வாங்குகிறவரின் வருமானத்தில் சேரும்.

பென்ஷன்தாரர் இறந்ததைச் சொல்லாமல் மாதப் பணத்தை எடுத்துக்கொண்டே இருப்பதும் சில வீடுகளில் நடக்கிறது. உயிர்வாழ் சான்று கேட்கும் நாளில் அது வெளியே வரும். கூடுதலாக எடுத்ததை, திரும்பி வர வேண்டிய தொகையில் பிடித்துக்கொள்வார்கள். துக்கம் நடந்த வீட்டுக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

இப்போது பார்க்க வேண்டியது

மூத்த குடிமக்களுக்காக மத்திய அரசு எல்ஐசி மூலம் 2017 மே முதல் 2023 மார்ச் வரை நடத்திய பிரதம மந்திரி வய வந்தனா திட்டத்தில் பலர் பணம் போட்டிருக்கிறார்கள். 7.4 சதவீதம் இருந்தபோது 15 லட்சம் கட்டியவருக்கு மாதம் 9,250 ரூபாய். இது ஆயுள் பென்ஷன் அல்ல, பத்தாண்டுத் திட்டம். இடையில் இறந்தால் கட்டிய தொகை நாமினிக்கு. முதலில் சேர்ந்தவர்களுக்கு 2027 மே மாதம் முதல் முதிர்வு தொடங்குகிறது. கட்டும்போது அறுபது வயதைத் தாண்டியவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள், பலர் தாண்டிவிட்டார்கள். இவர்களில் மனைவியை நாமினியாகப் போட்டு, மனைவி முன்னே போய்விட்டவர்கள் உடனே வேறு பெயர் கொடுக்க வேண்டும்.

யாரும் கேட்காத காப்பீட்டுப் பணம் பத்தாண்டு கடந்தால் மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்படும். அங்கிருந்தும் 25 ஆண்டுகள்வரை கேட்டு வாங்கலாம். அதற்குப் பிறகு அரசுக்கே. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் கேட்பாரற்ற தொகைகளைத் தேடிப் பார்க்கும் வசதியைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் தெரிந்தால் அப்பா பெயரில் ஏதும் நிற்கிறதா என்று பேரப்பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடுவான். நெட் சென்டரிலும் பார்க்கலாம்.

வீட்டில் பென்ஷன் பாலிசி வைத்திருக்கும் பெரியவர்கள் இந்த வாரமே அந்தப் பத்திரத்தை வெளியே எடுங்கள். என்ன வகை என்று எழுதியிருக்கிறது, இரண்டாம் பென்ஷன்தாரர் யார், நாமினி யார், அவர் உயிரோடு இருக்கிறாரா, அவர் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். நாமினி சிறு பிள்ளை என்றால் அவருக்காகப் பணம் வாங்கப் பொறுப்பாளர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகளை உட்கார வைத்து, என்ன இருக்கிறது, யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 'ஏ' வகை என்றால் தன்னோடு முடிந்துவிடும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். நாமினியை மாற்ற இன்றைக்கு ஒரு படிவமும் உங்கள் கையெழுத்தும் போதும்.